சுவரோரத்து ஒரு சாண்

காலிதீன் பாண் வாங்கினால் கடைவாசலிலேயே பிய்த்துப் பார்ப்பார். மீன் வாங்கும்போது செவுளைத் தூக்கிப் பார்ப்பது எல்லாரும் செய்கிற வேலை. அவர் மீன்காரனின் முகத்தையும் ஒருதரம் உற்றுப் பார்ப்பார். கறிக்கு உப்புப் போட்டாயிற்று என்று மனைவி ஹாஜறா சொன்னால், தொட்டு நாக்கில் வைத்த பிறகுதான் ஓம், சரி என்பார். தொழப் போகுமுன் வுழு எடுக்கையில் முழங்கை நனைந்ததா என்ற ஐயத்தில் திரும்பத் திரும்ப நனைத்து, கடைசி வரிசைக்குத்தான் போய்ச் சேருவார். இந்தக் குணத்துக்கு அவர் குடியிருக்கும் சாய்ந்தமருதில் வஸ்வாஸ் என்று பெயர். சைத்தான் காதுக்குள் ஊதிவிட்டுப் போகும் சந்தேகம் அது. வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிற உலகத்தில், பாலையே வடிகட்டிப் பார்க்கிற மனிதர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த ஆளோடு ஹாஜறா எப்படிக் குடித்தனம் பண்ணுகிறாள் என்று ஊர் கேலி பேசும். பேசட்டும். அந்தக் குணம்தான் அவருக்குச் சோறு போட்டது.

கட்டாரில் பத்துப் பன்னிரண்டு வருடம் தோட்டக் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்தவர் அவர். அங்கே பெரிய வீடுகளின் பூம்பாத்திகளில் மரச்சீவல் பரப்புவார்கள். வெயில் மண்ணைச் சுட்டு ஈரத்தைக் குடித்துவிடக் கூடாது என்பதற்காக. ஊருக்குத் திரும்பியபோது இங்கும் புதுவீடுகள் எழும்பி, முன்னால் செவ்வரத்தையும் குரோட்டனும் ரோசாவும் வைக்கும் பழக்கம் வந்திருந்தது. ஆனால் இங்கே எதிரி வெயில் அல்ல, மழை. மாரி பிறந்தால் வானம் பொத்துக்கொண்டு ஊற்றும். மணல் தெறித்து வெள்ளைச் சுவரில் முழங்கால் உயரத்துக்கு அப்பிக்கொள்ளும். போட்ட உரமெல்லாம் கழுவுண்டு தெருவுக்கு ஓடும். செடியின் வேர் வெளியே எட்டிப் பார்க்கும். சீவல் பரப்பியிருந்தால் மழைத்துளி மரத்தில் விழுந்து அடங்கி மெல்ல மண்ணுக்குள் இறங்கும். விவசாயப் போதனாசிரியர் இதற்கு மூடுபடை என்று அழகான பெயர் சொன்னார். ஊர் அதைச் சீவல் என்றது. அவரைச் சீவல் காலிதீன் என்றது. குப்பையைக் கூட்டி அள்ளத்தான் ஆள் பிடிப்பார்கள், இவர் குப்பையைக் கொண்டுவந்து கொட்டக் கூலி கேட்கிறார் என்று முதலில் சிரித்தார்கள். ஒரு மாரி கழிந்து அண்டை வீட்டுச் சுவரையும் தங்கள் சுவரையும் பார்த்த பிறகு சிரிப்பு அடங்கிவிட்டது.

மழை ஊரில் சீவல் போடுவது அள்ளிக் கொட்டுகிற வேலை இல்லை. கூடினால் அழுகும், குறைந்தால் வெள்ளத்தில் மிதந்து பக்கத்து வளவுக்குக் குடிபோகும். காலிதீன் முதலில் ஒரு வாளி நீரை ஊற்றி அது எந்தப் பக்கம் ஓடுகிறது என்று குந்தியிருந்து பார்ப்பார். வீட்டை நோக்கி ஓடினால், மண்ணை வெட்டிச் சரித்த பிறகுதான் மற்ற வேலை. பாத்தியைச் சுற்றிக் கல் அடுக்கி, நீர் வெளியேற இடைவெளி விடுவார். மரத்தூளைத் தொடவே மாட்டார். அது மழையில் களியாகி மூச்சை அடைத்துவிடும். பெரிய சீவலாக மூன்று விரல் தடிப்புக்குப் பரப்புவார், செடித் தண்டைத் தொடவிட மாட்டார். எல்லாவற்றுக்கும் மேலாக, வீட்டுச் சுவருக்கும் சீவலுக்கும் நடுவில் ஒரு சாண் வெறும் இடம் விட்டு, அதில் சல்லிக்கல் மட்டும் போடுவார். ஏன் அந்த இடத்தை வீணாக்குகிறீர்கள் என்று கேட்டால், கறையானைத் தடுக்க ஆண்டவனால்தான் முடியும், அது சுவரேறும்போது நம் கண்ணில் படவாவது வேண்டாமா என்பார். அந்த ஒரு சாண் அவருடைய சந்தேகத்துக்கு அவர் ஒதுக்கிக் கொடுத்த காணி.

சீவல் வந்தது சொறிக்கல்முனையிலிருந்து. அங்கே குணம் என்ற தமிழ் இளைஞர், மரம் அறுத்து விற்கும் மரக்காலைகளில் கழிக்கிற பலகைத் துண்டுகளையும் வீதியோரம் வெட்டிவிழுத்தும் கிளைகளையும் வாங்கி, மெஷினில் போட்டுச் சீவி, குவித்து வைத்துப் பிரட்டிப் பிரட்டி ஆற விடுவார். குவியல் உள்ளுக்குள் சூடாகித் தானே புழுங்கி, அந்தச் சூட்டில் பூச்சி பொட்டெல்லாம் செத்து, பிறகு ஆறி வரவேண்டும். ஆறாத சீவலைப் போட்டால் செடி கருகும். ஆறிய சீவலைச் சாக்கில் கட்டி லேண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தில் ஏற்றிக்கொண்டு வருவார்.

சாக்கு இறங்கியதும் காலிதீன் ஒவ்வொன்றாக வாயை அவிழ்ப்பார். முழங்கை வரைக்கும் கையை விட்டு, நடுவில் சூடு இருக்கிறதா என்று பார்ப்பார். ஒரு பிடி எடுத்து முகர்வார். நான்கு வருடமாக இதுதான். குணம் பக்கத்தில் நின்று சிரிப்பார், நல்லா வடிவாத் தோண்டிப் பாருங்க காக்கா என்று அண்ணன் முறை வைத்துச் சொல்வார். அதில் மனத்தாங்கலே கிடையாது. ஆளுக்கொரு அளவு வைக்காமல், மனைவியின் உப்பு முதற்கொண்டு எல்லாவற்றையும் ஒரே அளவில் சந்தேகிக்கிற ஒருவரோடு யாருக்குத்தான் கோபம் வரும்? தமிழ் ஊரும் முஸ்லிம் ஊரும் ஒன்றையொன்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்ட காலத்திலும் இந்த இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு சாக்கைத் தவிர வேறெதுவும் வந்ததில்லை.

காலிதீன் பிறந்தது மருதமுனையில். இந்தக் கரையில் பெண்ணுக்கு வீடு கட்டிக் கொடுத்துத்தான் கலியாணம். மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வந்து குடியிருப்பார். அப்படித்தான் அவர் ஹாஜறாவின் வீட்டுக்குச் சாய்ந்தமருதுக்கு வந்தார். அவருடைய அக்கா, நஸீறா ராத்தா, மருதமுனையிலேயே இருந்தார். கணவர் இறந்த பிறகு, கைத்தறிச் சாரன் வியாபாரத்தைத் தனியே இழுத்துக்கொண்டு, தன் வளவின் பாதியில் மகள் சஹ்லாவுக்காகக் கொஞ்சம் கொஞ்சமாக ஒரு வீட்டை எழுப்பியிருந்தார். வாப்பா இல்லாத பிள்ளைக்கு வீடுதான் முகம். அந்த முகத்தில் ஒரு குறை இருக்கக் கூடாது என்று தாயும் மாமனும் பாடுபட்டார்கள். செப்டம்பரில், மழைக்கு முன்பாகவே, காலிதீன் முன்வாசல் பாத்திகளுக்குத் தன் கையாலேயே சீவல் போட்டுக் கொடுத்தார். குணம் அனுப்பிய சாக்குகளில் வழக்கத்தைவிட ஒருமுறை அதிகமாகக் கையை விட்டுப் பார்த்தார்.

ஒக்டோபரில் நிச்சயம் நடந்தது. மாப்பிள்ளை கல்முனைப் பையன். சுவரோரமாகக் கதிரைகள் போட்டு, வாசலில் புதுத் திரை கட்டி, வளவு முழுக்கப் புது மணல் பரப்பி, வீடு பளிச்சென்று இருந்தது. மாப்பிள்ளையின் மாமா முகம்மது தம்பி ஹாஜியார், கட்டட வேலை எடுத்துச் செய்கிறவர், சந்தோசமாக வட்டிலப்பத்தை இரண்டாம் முறை கேட்டு வாங்கினார். காலிதீனும் செருப்பைக் கழற்றிவிட்டு மணலில் காலை வைத்துக்கொண்டு சாப்பிட்டார். வட்டிலப்பத்தில் ஏலக்காய் சரியா என்று மட்டும் பார்த்தார்.

டிசம்பரில் மழை கொஞ்சம் விட்ட ஒரு காலையில், எந்த அறையில் என்ன சாமான் வைப்பதென்று பார்க்க ஹாஜியார் திரும்ப வந்தார். கட்டடக்காரரின் கை சும்மா இருக்குமா? போகிற போக்கில் மணவறையின் யன்னல் நிலையைப் பெருவிரலால் அழுத்தினார். விரல் பெயின்டுக்குள் போய்விட்டது. வெளியே வந்து பார்த்தால் சுவரின் அடியிலிருந்து யன்னல் வரைக்கும் மண்கோடு ஏறியிருந்தது. கறையான். அவர் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு வளவின் நடுவில் உட்கார்ந்துவிட்டார். வீட்டில் இதை மறைத்தவர்கள் வேறு எதையெல்லாம் மறைத்தார்களோ என்று அவர் தன்பாட்டில் சொன்னது நஸீறாவின் காதில் விழுந்தது. ஜனவரியில் கலியாணம். நஸீறா தம்பிக்கு எடுத்த போன் இரண்டு தரம் வேறு யாருக்கோ போயிற்று.

காலிதீன் வந்தபோது குணமும் கூட வந்தார். அன்றைக்கு மருதமுனையில் இன்னொரு வீட்டுக்குச் சாக்கு இறக்க வந்திருந்தவர், வழியில் காலிதீன் கறையான் என்றதும் தானும் பார்க்கவேண்டும் என்று லேண்ட்மாஸ்டரைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டார்.

ஹாஜியார் சுவரைப் பார்த்தார், பாத்தியைப் பார்த்தார். சீவல் எங்கிருந்து வந்தது என்று கேட்டார். சொறிக்கல்முனை என்றார் காலிதீன். "ஓ," என்றார் ஹாஜியார்.

அந்த ஒரு எழுத்துக்குள் பழைய வருடங்கள் எல்லாம் இருந்தன. யாரும் விளக்கம் கேட்கவில்லை, தேவையுமில்லை. காலிதீன் அந்த ‘ஓ’வைத் தட்டிவிட்டிருக்கலாம். ஆனால் அவருக்குள் சைத்தான் ஊதத் தொடங்கிவிட்டான். செப்டம்பரில் குணம் ஒரு கிழமை போனை எடுக்கவில்லையே, ஏன்? அந்தமுறை சாக்குகள் வேறு கயிற்றால் கட்டியிருந்ததே, ஏன்? விலை சொல்லும்போது முகத்தைப் பார்க்கவில்லையே? சந்தேகக்காரனின் மனம் நல்ல கடைக்காரன் மாதிரி. கேட்ட சாமான் எல்லாம் அதில் இருக்கும். ஒன்று மட்டும் அதில் அகப்படவில்லை. அத்தனை சாக்கையும் அவிழ்த்துப் பார்த்து, நல்லது என்று எடுத்தது அவருடைய கைதான்.

"என்ன மரத்தப் போட்டு அனுப்பின நீ?" என்று எல்லார் முன்னாலும் கேட்டார்.

என்ன மரமென்று உங்களுக்குத் தெரியுமே காக்கா, ஒவ்வொரு சாக்காகப் பார்த்துத்தானே எடுத்தீர்கள் என்றார் குணம். அவர் இன்னும் சிரித்த முகமாகத்தான் நின்றார். சுவரடியைப் பார்க்கக் குனிந்தார்.

"அதத் தொடாத," என்றார் காலிதீன். "எங்கட புள்ளைக்குக் கலியாண வீடெண்டு தெரிஞ்சுதானே ஏத்தின? உங்கட ஆக்கள்ட வீட்டுக்கெண்டா இப்பிடி ஏத்தியிருப்பியா?"

குணம் நிமிர்ந்தார். ஹாஜியாரையும் நஸீறாவையும் பார்த்துவிட்டுக் கடைசியில் காலிதீனைப் பார்த்தார்.

"நாலு வருசமா நீங்க சந்தேகப்பட்டது சீவல," என்றார். "அதுல எனக்கு ஒரு கோவமும் வரல்ல. இண்டைக்குத்தான் என்னச் சந்தேகப்பட்டிருக்கீங்க. சரி முதலாளி, நான் வாறன்."

முதலாளி என்று அவர் சொன்னது அதுதான் முதல் தடவை. லேண்ட்மாஸ்டர் வீதிக்கு ஏறியது. பிறகு ஹாஜியாரின் முகம் மெல்லத் தெளிந்தது. குற்றம் வெளியே போய்விட்டது, சம்பந்தி வீட்டில் குற்றமில்லை. நிலையை மாற்றிவிடுங்கள், அந்தச் சீவலை ஒரு துரும்பு மிச்சமில்லாமல் அள்ளி எறியுங்கள், கலியாணம் சொன்ன திகதியில் நடக்கட்டும் என்று சொல்லி எழுந்தார். நஸீறாவுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

மறுநாள் காலை காலிதீன் மண்வெட்டியோடு வந்தார். வேறு யாரையும் நம்பி விட முடியுமா? யன்னலடியில் குந்திக் கையாலேயே கிளறினார். சல்லிக்கல் அகப்பட வேண்டிய இடத்தில் மணல் அகப்பட்டது. வெள்ளை மணல். இன்னும் தோண்டினார். மணலுக்குக் கீழே அவருடைய சீவல், சுவரோடு சுவராக அப்பி, மழைநீரில் ஊறிக் கறுத்துக் கிடந்தது. அதற்குள்ளிருந்துதான் மண்கோடு புறப்பட்டுச் சுவர்ப்பூச்சில் ஏறியிருந்தது. அவர் விட்ட ஒரு சாணைக் காணவில்லை.

யாரோ செய்திருக்கிறார்கள் என்று முதலில் அவர் மனம் துள்ளியது. தொழிலைக் கெடுக்க ஆள் வந்து போயிருக்கிறான். குணமே வந்து இட்டு நிரப்பினாலும் நிரப்பியிருப்பான். நஸீறா தேநீரோடு வந்தார், அவரிடம் கேட்டார். நஸீறா ஒளிக்கவில்லை. ஒளிக்க வேண்டிய விசயம் என்றே அவருக்குத் தெரியாது.

நிச்சயத்துக்கு முதல்நாள் கடற்கரையால் மணல் எடுப்பித்துப் பரப்பியது அவர்தானாம். நல்ல காரியம் நடக்கிற வளவில் வெள்ளை மணல் இல்லாமல் எப்படி? மாப்பிள்ளை வீட்டார் வந்து பார்க்கும்போது கறுப்புக் கறுப்பாய்ச் சீவல் கிடந்தால் கூட்டாத வீடு என்று நினைக்கமாட்டார்களா? அதனால் கதிரை போடுகிற பக்கத்துச் சீவலை மட்டும் சுவரோரமாக இழுத்து ஒதுக்கி, கல்லையும் சேர்த்து மூடி, மேலே மணலைப் போட்டு மட்டமாக்கி, கதிரைகளை வைத்தார்களாம்.

"நீயும் அதுல கால வெச்சிக்கிட்டு இரிந்துதானே வட்டிலப்பம் திண்ட," என்றார் நஸீறா.

காலிதீன் அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டார். பிறந்தநாள் முதல் பார்த்த மணல். பெருநாளுக்கும் கலியாணத்துக்கும் மௌத்துக்கும் வளவில் பரப்புகிற மணல். பாணையும் மீனையும் பெண்சாதியின் உப்பையும் சந்தேகித்தவருக்கு, காலுக்குக் கீழே கிடந்த அதைச் சந்தேகிக்கத் தோன்றவில்லை. தம் வளவு, தம் மணல், தம் ஆட்கள்.

ஹாஜியாரிடம் சொல்லவேண்டும் என்றார். நஸீறா தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார்.

"ஏன் தம்பி இத இப்பக் கிளறுறாய்? அவருக்கு மனசு ஆறிட்டு. புள்ளட உம்மாதான் வீட்டக் கெடுத்த எண்டு தெரிஞ்சா நாளைக்கு எப்பிடி என்ட முகத்தப் பாப்பாங்க? குணம் என்ன, நம்மட ஊரா? அவர் போனாப் போகட்டும்."

ராத்தா சொன்னது பொய்யில்லை. பொய்யைச் சொல்லவும் தேவையில்லை. வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், கலியாணம் நடந்துவிடும். அதுதான் அவரை உலுக்கியது. ஒரு பழி இவ்வளவு வசதியாகப் பொருந்துமா என்று அவருக்கே சந்தேகம் வந்தது. அவர் திரும்பியபோது, அடுத்த யன்னலுக்குக் கீழே சஹ்லா குந்தியிருந்து, ஒரு சிரட்டையால் சுவரோரத்து மணலைத் தோண்டி எடுத்துக்கொண்டிருந்தாள். யாரையும் பார்க்கவில்லை. அங்கேயும் மண்கோடு தொடங்கியிருந்தது. காலிதீன் கையைக் கழுவிக்கொண்டு மோட்டார் சைக்கிளை எடுத்தார்.

ஹாஜியார் கல்முனையில் தன் வீட்டு முற்றத்தில் வேலையாட்களுக்குக் கணக்கு முடித்துக்கொண்டிருந்தார். காலிதீன் எல்லாவற்றையும் சொன்னார். மணலையும் சொன்னார், தன் வாய் பிழைத்ததையும் சொன்னார். ஹாஜியார் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு ஒரு சிரிப்புச் சிரித்தார்.

"அவன்ட சீவல் வராட்டி உங்கட தொழில் படுத்திரும். அதுக்கு ராத்தாட தலையில கட்டுறீங்க. எனக்கு விளங்காதா?"

உண்மையைச் சொல்லிவிட்டு நம்பாத ஒரு முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பது எப்படியிருக்கும் என்று காலிதீனுக்கு அதுவரை தெரியாது. அந்த முகத்தை வைத்துக்கொண்டு இத்தனை வருடம் மற்றவர்களைப் பார்த்தவர் அவர்தான். நேற்று குணம் நின்றதும் இப்படித்தான் என்று நினைத்தார்.

அவர் கண் வழக்கம்போல் சுவரடிக்குப் போயிற்று. ஹாஜியாரின் வளவிலும் வெள்ளை மணல், சுவர்வரைக்கும் மட்டமாக. கட்டட வேலைக்கான பழைய பலகைகள் சுவரில் சாய்ந்து, பாதி மணலில் புதைந்து நின்றன. காலிதீன் போய்க் குந்தி, ஒரு பலகையை நகர்த்தி, கையால் மணலை வாரினார். விரல் தடிப்பில் மண்கோடு நிலைக்கதவை நோக்கி ஏறிக்கொண்டிருந்தது.

ஹாஜியார் வந்து பக்கத்தில் குந்தினார். ஊர் வீடுகளையெல்லாம் தட்டிப் பார்க்கிறவர் தன் வீட்டைத் தட்டிப் பார்த்ததில்லை. பெருவிரலால் அந்தக் கோட்டை உடைத்துப் பார்த்தார். பிறகு உள்ளே குரல் கொடுத்து, சுவரோரத்து மணலை அள்ளச் சொன்னார். கலியாணம் நடக்கும், ஆனால் இனி எதையும் என்னிடம் நேராகச் சொல்லவேண்டும் என்று உங்கள் ராத்தாவிடம் சொல்லுங்கள் என்றார். காலிதீன் விடைபெற்று வாசலுக்கு வந்தபோது, பின்னாலிருந்து அவர் மெதுவாகக் கேட்டார்.

"அந்த ஆளுக்கு என்ன சொல்லப் போறீங்க?"

காலிதீன் வீதிக்கு வந்தார். போன் எடுத்து, நாளைக்கு வரட்டுமா என்று மட்டும் குணத்திடம் கேட்டார். வாங்க என்று ஒரு சொல் வந்தது. கோபமா, கேலியா, வந்து அவமானப்பட்டுப் போ என்பதா என்று அந்த ஒரு சொல்லை அவர் இரவு முழுக்கப் பிரட்டிக்கொண்டிருந்தார். ஏன் வாறீங்க என்று கேட்கவில்லை, வராதீங்க என்றும் சொல்லவில்லை, வேறென்ன வேண்டும் என்று ஹாஜறா திட்டிவிட்டுத் திரும்பிப் படுத்தாள்.

அன்றிரவு திரும்பவும் மழை. மறுநாள் காலை, சொறிக்கல்முனைக்குப் போகிற கிட்டங்கித் தாம்போதிக்கு மேலால் வெள்ளம் பாய்ந்துகொண்டிருந்தது. தாழ்ந்த அந்த வீதியில் இரண்டு பக்கமும் தண்ணீர், எது வீதி எது ஆறு என்று தெரியாது. காலிதீன் மோட்டார் சைக்கிளை இக்கரையில் விட்டுவிட்டு, ஆட்களை ஏற்றி இறக்கும் ஒரு உழவு இயந்திரத்தில் தொங்கிக்கொண்டு போனார். சாரதி வீதியைப் பார்த்து ஓட்டுகிறானா என்று பார்க்கவும் அன்றைக்கு அவருக்கு மனமில்லை.

"வாங்க முதலாளி," என்றார் குணம்.

குவியல்கள் தார்ப்பாயால் மூடியிருந்தன. கொட்டிலுக்குள் கட்டிய சாக்குகள் ஒரு பக்கமாக அடுக்கியிருந்தன. வழக்கமாக வரும் தேநீர் வரவில்லை. காலிதீன் நின்றபடியே சொன்னார். மணல் போட்டது தங்கள் வீட்டார், சுவரோரத்து ஒரு சாணை மூடியது தங்கள் வீட்டார், அதன்மேல் உட்கார்ந்து சாப்பிட்டது தான்; ஹாஜியாரிடமும் சொல்லியாயிற்று. உன்னை அப்படிக் கேட்டது பெரிய பிழை, அதை நினைக்க வெட்கமாக இருக்கிறது என்றார். குணம் கேட்டுக்கொண்டிருந்தார். சாக்குகளைக் காட்டினார்.

"வேணுமெண்டா எடுத்துப் போங்க முதலாளி. தண்ணி வத்தினாப்போல ஏத்தி அனுப்புறன். எதெது எண்டு காட்டுங்க."

காலிதீன் வரும் வழியெல்லாம் ஒரு முடிவு எடுத்திருந்தார். இனி இவருடைய சாக்கில் கை விடுவதில்லை. நம்பிக்கையைக் காட்ட அவருக்கு வேறு வழி தெரியவில்லை. எல்லாம் சரி, எல்லாவற்றையும் அனுப்பு என்றார்.

"பாக்கல்லயா?"

"தேவையில்ல குணம்."

குணத்தின் முகம் கறுத்தது. முன்னால் வந்து முதல் சாக்கின்மேல் கையை வைத்துக்கொண்டார்.

"அப்ப ஒண்டும் எடுக்க வேணாம். ஊர்ல எல்லார்ட சாமானையும் கைய விட்டுப் பாப்பீங்க, என்ட சாமான மட்டும் பாக்காம எடுப்பீங்க. அதுவும் அண்டைக்குச் சொன்ன கதைதான்."

காலிதீனுக்கு அது உறைக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. பிறகு சட்டைக் கையை மடித்தார். முதல் சாக்கை அவிழ்த்து முழங்கை வரை விட்டார். நன்றாக ஆறியிருந்தது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதில் கை நடுவுக்குப் போனதும் நின்றுவிட்டது. உள்ளே சூடு. ஒரு பிடி எடுத்து முகர்ந்தார், புளித்த வாடை. ஆறாத சீவல்.

மன்னிப்புக் கேட்க வந்த இடத்தில் இதை எப்படிச் சொல்வது? சொன்னால் பழைய வேதாளம் முருங்கையில் ஏறிவிட்டது என்று நினைக்க மாட்டாரா? சும்மா கட்டிவைத்துவிட்டு, ஊருக்குக் கொண்டுபோய் எறிந்தால் போகிறது. சாக்கின் வாயைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். குணம் அவர் கையைப் பார்க்கவில்லை, முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"குணம்," என்றார் கடைசியில். "இது இன்னும் ஆறல்ல. இத எடுக்க ஏலாது."

குணம் அந்தச் சாக்கை வாங்கி, வாயைக் கட்டி, பின்பக்கமாகத் தூக்கி வைத்தார்.

"தெரியும் காக்கா," என்றார். "நான்தான் வெச்சன். மற்றதையும் பாருங்க, தேத்தண்ணி போடச் சொல்றன்."